கால் எடுத்த பிறகு: வார்டில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனை வார்டுக்கு வாரம் ஒரு முறை போகிறேன். மருத்துவனாக அல்ல, அதே மாதிரிக் கட்டிலில் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு படுத்திருந்தவனாக. எனக்கு வலது கால், முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. காரணம் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சப்பாத்துக்குள் சுண்டைக்காய் அளவு கல் ஒன்று புகுந்திருக்கிறது. காலையிலிருந்து இரவு வரை அதன்மேல் நடந்திருக்கிறேன். உணர்ச்சி மரத்துப்போன கால் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

புதிதாகக் கால் எடுத்தவரின் கட்டிலருகே உட்கார்ந்து, கால்சட்டையை உயர்த்தி, செயற்கைக் காலை விரலால் தட்டிக் காட்டுவேன். 'டொக்' என்று சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் பேச்சு தொடங்கும். அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ வேறு விதமாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் காலைப் பார்த்தவர் அவர், நான் பார்க்கவில்லை.

வெட்டிய பிறகு மீதமிருக்கும் பகுதியை 'எஞ்சிய கால்' என்றே எழுதுகிறேன். வார்டில் அதைக் 'கட்டை' என்பார்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை.

நேற்றுத்தான் அறுவை சிகிச்சை நடந்தது. இன்றே எழுப்பி உட்கார வைக்கிறார்கள். இது கொடுமை இல்லையா?

பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், இரத்தக் குழாயில் இரத்தம் உறையும், முதுகில் புண் வரும், மிச்சமிருக்கும் தசையும் வற்றிப்போகும். இனி உங்களைக் கட்டிலிலிருந்து தூக்கப் போவது உங்கள் இரண்டு கைகளும் மற்ற காலும்தான். அவற்றைச் சும்மா விட்டுவைக்கக் கூடாது. வலி தாங்க முடியவில்லை என்றால் பயிற்சியை மறுக்காதீர்கள். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பே வலி மாத்திரை கொடுக்க முடியுமா என்று தாதியிடம் கேளுங்கள்.

காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கிறது. வைக்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

என் அக்கா கோலசிலாங்கூரிலிருந்து வந்தபோது வீட்டிலிருந்தே ஒரு தலையணை கொண்டுவந்தார். பூப்போட்ட உறை, இலவம் பஞ்சு. "தம்பிக்குக் கால் தொங்கக் கூடாது" என்று முழங்காலுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். பத்து நாள் அது அங்கேயே இருந்தது. பத்தாவது நாள் என் முழங்காலை நேராக நீட்டச் சொன்னார்கள். நீளவில்லை. தசையும் தசைநாரும் சுருங்கி, மடங்கிய நிலையே இயல்பு என்று கால் முடிவு செய்துவிட்டது. முழங்கால் நீளாதவருக்குச் செயற்கைக் கால் பொருத்துவது பெரும் பாடு. இறுகிப் போனால் முடியாமலும் போகலாம்.

அதை நேராக்க இரண்டு மாதம் பிடித்தது. துண்டைச் சுருட்டி எஞ்சிய காலின் நுனிக்கு அடியில் வைத்து, முழங்காலின் பின்பக்கத்தை மெத்தையோடு அழுத்தச் சொல்வார்கள். ஐந்து எண்ணும் வரை அப்படியே பிடிக்க வேண்டும். பிறகு தளர்த்தலாம். இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அக்கா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு வராந்தாவில் நின்று அழுதார். தலையணை கதையை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

ஆகவே, படுத்திருக்கும்போது முழங்கால் நேராக இருக்கட்டும். கட்டில் விளிம்பில் எஞ்சிய காலைத் தொங்கவிட்டு உட்காராதீர்கள். சக்கர நாற்காலியில் உட்காரும்போது காலை நீட்டி வைக்க அடியில் ஒரு பலகை கேளுங்கள். முழங்காலுக்கு மேலே எடுத்தவர்களுக்கு இடுப்பு மடங்கி இறுகும் ஆபத்து அதிகம். தொடைக்கு அடியிலோ இரு தொடைகளுக்கு நடுவிலோ தலையணை வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, இருபது நிமிடம் குப்புறப் படுப்பது நல்லது. இதய நோயோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கட்டு எப்படிப் போடுவது?

எட்டு என்ற இலக்கத்தை எழுதுவதுபோலக் குறுக்கும் மறுக்குமாக. நுனியில் சற்று இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. வளையல் போட்டதுபோல் வட்ட வட்டமாகச் சுற்றினால் மேல் பகுதி இறுகி, இரத்த ஓட்டம் தடைபட்டு, நுனி பலூன்போல் வீங்கும். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அவிழ்த்துக் கட்ட வேண்டும். துடித்தால் உடனே அவிழ்க்க வேண்டும். புண் ஆறியதும் கட்டுக்குப் பதிலாக இறுக்கமான காலுறை ஒன்று தருவார்கள். அது எளிது. கட்டுப் போடுவதை வீட்டில் ஒருவர் மட்டுமல்ல, நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.

இல்லாத கால் வலிக்கிறது என்கிறார் அப்பா. மனப்பிரமையா?

இல்லை. வலி உண்மையானது. கால் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்குக் கால் இன்னும் இருப்பது போன்ற உணர்வு இருக்கும், அவர்களில் பலருக்கு வலியும் இருக்கும். என் வலது கட்டைவிரலைக் கதவிடுக்கில் வைத்து யாரோ மெதுவாக மூடுவது போலிருக்கும், பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்கு. என் உறவினர் ஒருவர், வெட்டிய காலை முறைப்படி அடக்கம் செய்யாததால்தான் இப்படி என்றார். அவருக்கு மரியாதையாகத் தேநீர் கொடுத்து அனுப்பினோம்.

மூளைக்குள் உடலின் வரைபடம் ஒன்று இருக்கிறது. கால் போனாலும் வரைபடத்தில் அதன் இடம் அழிவதில்லை. இதை ஆராய்ந்து எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தவர் நம்மவர்: 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவில் பேராசிரியரான வி.எஸ். ராமச்சந்திரன். 1990களில் அவர் பயன்படுத்திய கருவி ஒரு சாதாரணக் கண்ணாடி. இரண்டு கால்களுக்கும் நடுவே நீளவாட்டில் கண்ணாடியை நிறுத்தி, முழுக் காலைக் கண்ணாடியில் பார்த்தபடி மெல்ல அசைக்க வேண்டும். இழந்த கால் திரும்பி வந்து அசைவதுபோல் கண்ணுக்குத் தெரியும். இறுகிக் கிடந்த 'விரல்கள்' சிலருக்குத் தளர்ந்துவிடும். எல்லாருக்கும் பலிப்பதில்லை. எனக்குப் பாதி பலித்தது. நாங்கள் பயன்படுத்தியது அலமாரிக் கதவிலிருந்து கழற்றிய கண்ணாடி.

எஞ்சிய காலை மெல்லத் தட்டுவது, பலவகைத் துணியால் வருடுவது, இறுக்கக் காலுறை அணிவது ஆகியவையும் உதவும். கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகளையும் மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. பாரசிட்டமோலை விழுங்கிக்கொண்டு பல்லைக் கடித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: எடுக்கப்பட்ட பாதத்தில் அல்லாமல், புண்ணிருக்கும் இடத்திலேயே வலி இருந்து, அங்கே சூடு, சிவப்பு, சீழ், காய்ச்சல் ஏதாவது தெரிந்தால் அது வேறு விவகாரம். அன்றே காட்டுங்கள்.

செயற்கைக் கால் எப்போது கிடைக்கும்?

தையல் பிரிக்க இரண்டு மூன்று வாரமாகும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அதைவிடத் தாமதமாகலாம். புண் முழுதாக ஆறி, வீக்கம் வடிந்து, அளவு எடுக்க ஆறு எட்டு வாரம் என்பது நல்ல கணக்கு. மூன்று மாதமானாலும் பயப்பட வேண்டாம்.

அவசரப்பட்டவன் நான். தெரிந்தவர் சொன்ன ஒரு கடையில் பணம் கட்டி, வீக்கம் வடியும் முன்பே கால் செய்துகொண்டேன். போட்ட ஐந்தாவது வாரம் அது பானைக்குள் அகப்பை ஆடுவதுபோல் ஆடியது. எஞ்சிய கால் சுருங்கிக்கொண்டே போகும், வடிவம் நிலைபெற ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும் என்று அவர்கள் சொல்லவில்லை. முதல் காலின் சாக்கெட், அதாவது எஞ்சிய காலை நுழைக்கும் கூடு, எப்படியும் ஒரு நாள் தளர்ந்துபோகும். புதுக் கூடு செய்ய வேண்டியிருக்கும். கையிலிருக்கும் பணம் அனைத்தையும் முதல் காலிலேயே கொட்டாதீர்கள்.

அதுவரை ஒற்றைக் காலில் தத்தித் தத்தி நடக்கலாமா?

இளைஞன், விபத்தில் கால் போனவன் என்றால் கொஞ்ச தூரம் பரவாயில்லை. இனிப்பு நீரால் கால் போனவர் தத்தினால் முழு எடையும் மிச்சமிருக்கும் ஒரே பாதத்தில் இடிபோல் விழும். அந்தப் பாதம்தான் இனி உங்கள் சொத்து. வாக்கர் எனப்படும் நான்கு கால் ஊன்றியோ சக்கர நாற்காலியோ பயன்படுத்துங்கள். கக்கத்தில் வைத்து நடக்கும் ஊன்றுகட்டை வைத்திருப்பவர்கள் எடையை உள்ளங்கையில் தாங்க வேண்டும், அக்குளில் அல்ல. அக்குளுக்கும் கட்டைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும்.

சக்கர நாற்காலி வாங்கும் முன் வீட்டுக் கழிவறைக் கதவை அளந்துவிடுங்கள். பலர் வாங்கிய பிறகுதான் அளக்கிறார்கள். இன்னொன்று, கால் இல்லாததால் உடலின் எடை பின்னால் சாயும். மேட்டில் ஏறும்போது நாற்காலி பின்பக்கம் கவிழலாம், இரண்டு கால்களும் எடுத்தவர்களுக்கு இன்னும் அதிகமாக. பின்பக்கம் குட்டிச் சக்கரங்கள் வைத்த நாற்காலியாகக் கேளுங்கள்.

இரவில் விழுந்துவிட்டார். கால் இருக்கிறது என்று நினைத்து இறங்கினாராம்!

எல்லாரும் ஒரு முறையாவது செய்வது. தூக்கத்தில் மூளை அந்தப் பழைய வரைபடத்தைத்தான் பார்க்கும். இறங்கும் பக்கத்தில் ஊன்றியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்துங்கள், கால் வைக்கும் முன் கை அதில் படும். சிறு விளக்கு ஒன்று எரியட்டும். சிறுநீர்ப் புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் என்னென்ன மாற்ற வேண்டும்?

முதலில் கழிவறை. பிறகும் கழிவறை. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

செந்தூலில் நாங்கள் இருப்பது மலிவு விலை அடுக்குமாடியின் மூன்றாவது மாடி. மின்தூக்கி இருக்கிறது, அதற்கு மனமிருந்தால் ஓடும். கழிவறை குந்தி உட்காரும் வகை. வாசலில் அரை அடி உயரத் தடுப்பு, அதைத் தாண்டினால் எப்போதும் ஈரமான தரை. வார்டிலிருந்து வந்த முதல் நாள் குளிப்பதற்காக, விருந்துகளுக்கு அடுக்கி வைப்பார்களே, அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே போட்டார்கள். நான் ஒரு பக்கம் சாய்ந்து சோப்பை எடுத்தேன். நாற்காலியின் கால்கள் நான்கும் நான்கு திசைக்குப் போயின. நல்லவேளை, விழுந்தது நல்ல பக்கம்.

குளிப்பதற்கென்றே ரப்பர் அடி வைத்த அலுமினிய நாற்காலி கிடைக்கிறது. குந்தும் கழிவறைக்கு மேலே, நடுவில் ஓட்டை உள்ள கழிப்பிட நாற்காலியை நிறுத்தலாம். உயரத்தை மாற்றக்கூடியதாக வாங்குங்கள். சுவரில் கைப்பிடியைத் துளையிட்டுப் பொருத்துங்கள். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்தால் கம்பியோடு சேர்ந்து நீங்களும் வருவீர்கள். எந்தப் பக்கத்தில், எந்த உயரத்தில் என்பதைக் கொத்தனார் முடிவு செய்யக் கூடாது. உங்களை உட்கார வைத்து, எழ வைத்து, கை தானாக எங்கே போகிறதோ அங்கே கரியால் ஒரு கோடு போடுங்கள். பெரும்பாலான செயற்கைக் கால்கள் நனையக் கூடாதவை. ஆகவே குளியல் என்பது கால் இல்லாமல்தான்.

கால்மிதித் துணிகளை அகற்றுங்கள். கட்டில் உயரம், உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் படும் அளவுக்கு இருக்கட்டும். அவ்வளவுதான், வீட்டை இடிக்க வேண்டாம்.

முழங்காலுக்கு மேலே எடுப்பதற்கும் கீழே எடுப்பதற்கும் அவ்வளவு வேறுபாடா?

மலைக்கும் மடுவுக்கும். சொந்த முழங்கால் இருந்தால் நடப்பதற்குச் சாதாரண ஆளைவிட ஏறக்குறைய கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கூடுதல் சக்தி செலவாகும். மேலே எடுத்தவருக்கு மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ கூடும். இதயம் பலவீனமான முதியவருக்கு இது சிறிய விஷயமல்ல. அப்படிப்பட்ட சிலர், வீட்டுக்குள் மட்டும் செயற்கைக் கால், வெளியே சக்கர நாற்காலி என்று முடிவு செய்கிறார்கள். ஒரு பெரியவர் காலே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நாற்காலியிலேயே தினமும் பிரிக்பீல்ட்ஸ் போய்ப் பத்திரிகை வாங்கி வருகிறார். அவரைவிடச் சுதந்திரமான ஆளை நான் பார்த்ததில்லை.

கால் வந்துவிட்டது. இனி நாள் முழுதும் போட்டுக்கொள்ளலாமா?

முதல் நாளே முடியாது. சிறிது நேரம் போட்டு, கழற்றி, தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த தடம் பத்து நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையவில்லை என்றால் அந்த இடத்தில் கூடு அழுத்துகிறது. கொப்புளம் வந்தால் காலைப் போடாமல், செய்தவரிடம் போங்கள். "பழகினால் சரியாகிவிடும்" என்பது செருப்புக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

எஞ்சிய காலின் அளவு ஒரே நாளில்கூட மாறும். அதற்குத்தான் மெல்லியதும் தடித்ததுமாகப் பல உறைகள் தருகிறார்கள். தளர்ந்தால் ஒன்று கூடுதல், இறுகினால் ஒன்று குறைவு. சிறுநீரகக் கோளாறுக்காக டயாலிசிஸ் செய்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இயந்திரம் நீரை எடுத்தபின் கால் சுருங்கும், காலையில் பொருந்திய கூடு மாலையில் ஆடும். வெளியே போகும்போது பையில் மாற்று உறைகள் இருக்கட்டும்.

நம் ஊர் வியர்வையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லைனர் எனப்படும் சிலிக்கோன் உறைக்குள் மதியத்துக்குள் தண்ணீர் கட்டிவிடும். கழற்றி, துடைத்து, திரும்பப் போடுங்கள். இரவில் மென்மையான சோப்பில் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

எண்ணெய் தேய்க்கலாமா?

புண் ஆறியபின், இரவில், காலைக் கழற்றியபிறகு தேய்க்கலாம். காலையில் தேய்த்துவிட்டு லைனரை ஏற்றினால் தோல் ஊறி, வழுக்கி, உரியும். நல்லெண்ணெய்க் குளியல் சனிக்கிழமை இரவுக்கு மாறட்டும். எஞ்சிய காலின் முடியை மழிக்காதீர்கள், மயிர்க்கால்கள் சீழ் பிடிக்கும்.

இந்தியாவில் ஜெய்ப்பூர் கால் இலவசமாமே? போகலாமா?

அது உண்மையிலேயே அருமையான கண்டுபிடிப்பு. 1968 வாக்கில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் ஜெய்ப்பூரில் உருவாக்கியது. வெறுங்காலோடு நடப்பவனையும் குந்தி உட்காருபவனையும் வயலில் இறங்குபவனையும் மனத்தில் வைத்துச் செய்த ரப்பர் பாதம். மேற்கத்தியப் பாதங்கள் சப்பாத்துக்காரனை நினைத்துச் செய்தவை. அந்த வேறுபாடு நம் வீட்டு வாசலிலேயே தெரியும்.

ஆனால் கால் என்பது ஒரு முறை வாங்கி முடிவதல்ல. கூடு தளரும், திருகு ஆடும், கோணம் திருத்த வேண்டிவரும். ஒவ்வொரு தடவையும் விமானம் ஏறுவீர்களா? பழுது பார்ப்பவர் பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

நடனக் கலைஞர் சுதா சந்திரன் செயற்கைக் காலோடு ஆடவில்லையா? அப்பா நடக்கக்கூட மாட்டேன் என்கிறாரே?

ஆடினார். 1981இல் பஸ் விபத்தில் வலது காலை இழந்து, ஜெய்ப்பூர் காலோடு 1984இல் மேடையேறினார். அப்போது அவர் பதின்ம வயதுப் பெண், அது விபத்தில் போன கால், பயிற்சி பெற்ற உடம்பு. உங்கள் அப்பாவுக்கு அறுபத்தேழு வயது, இருபது ஆண்டு இனிப்பு நீர். வார்டுக்கு வரும் ஒவ்வொரு உறவினரும் சுதா சந்திரனைக் கொண்டுவந்து கட்டிலருகே நிறுத்துகிறார்கள். படுத்திருப்பவருக்கு அது ஊக்கமல்ல, மதிப்பெண் அட்டை. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானாக மாறினார் என்றால் அதைக் கொண்டாடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் பேச்சும் தூக்கமும் இல்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது பிடிவாதம் அல்ல, நோயாக இருக்கலாம்.

செலவுக்கு யாரிடம் போவது?

முதலில், வார்டில் இருக்கும்போதே மருத்துவமனையின் சமூக நல அதிகாரியைக் கேளுங்கள். வீட்டுக்குப் போனபிறகு அலைவதைவிட அது எளிது.

வேலையிடத்திலோ வேலைக்குப் போகும் வரும் வழியிலோ விபத்து என்றால் பெர்கேசோ, அதாவது சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனபோது அடிபட்டவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நினைவூட்டுங்கள். விபத்தில்லாமல் நோயால் கால் போனாலும், சந்தா கட்டியவர் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம். 2007 முதல் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் ஒன்றும், 2014 முதல் மலாக்காவில் பெரிய மறுவாழ்வு மையம் ஒன்றும் அவர்களுக்கு இருக்கின்றன. தலைநகரில் செராஸில் மறுவாழ்வுச் சிகிச்சைக்கென்றே ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் அதற்கான துறை உண்டு.

ஜே.கே.எம். எனும் சமூக நல இலாகாவில் ஓ.கே.யு. எனும் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிந்துகொள்ளுங்கள். மருத்துவர் சான்று, அடையாள அட்டை, படம் வேண்டும். அட்டை இருந்தால் அரசு மருத்துவமனைக் கட்டணம், ரயில் கட்டணம் ஆகியவற்றில் சலுகை உண்டு, செயற்கைக் காலுக்கான உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். "எனக்கு அந்த அட்டை வேண்டாம், மானம் போய்விடும்" என்று நான் ஓராண்டு இழுத்தேன். அந்த ஓராண்டில் மானம் எனக்கு ஒரு காசும் தரவில்லை. வருமான வரி கட்டும் பிள்ளைகள் இருந்தால், பெற்றோருக்கு வாங்கும் செயற்கைக் கால், சக்கர நாற்காலி போன்ற கருவிகளுக்கு 6,000 வெள்ளி வரை வரிக் கழிவு கேட்கலாம். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கார் ஓட்டலாமா?

இடது கால் போயிருந்து, கார் தானியங்கி கியர் என்றால் பெரிய சிக்கல் இல்லை. வலது கால் என்றால் செயற்கைப் பாதத்துக்கு மிதியின் அழுத்தம் தெரியாது. இடது காலால் இயக்கும்படி காரை மாற்றியமைக்க வேண்டும். மருத்துவர் ஒப்புதலும் ஜே.பி.ஜே. எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் இல்லாமல் தொடாதீர்கள். நான் லோரியை விட்டு, அதே நிறுவனக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன்.

மற்றக் காலை எப்படிக் காப்பாற்றுவது?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நானே கேட்டு நானே பதில் சொல்கிறேன்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஒரு காலை எடுத்த அதே நோய் அடுத்த காலிலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண் தெரியவில்லை என்றால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள், அவர்கள் ஆர்வமாகப் பார்ப்பார்கள். விரலிடுக்கை உலர்த்துங்கள். வெந்நீரில் ஊறவைக்காதீர்கள். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். புகையை நிறுத்துங்கள். சப்பாத்தைப் போடும் முன் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். நான் ஒவ்வொரு நாள் காலையிலும் தட்டுகிறேன், சுண்டைக்காய் அளவு கல்லை எதிர்பார்த்து. சிறு கொப்புளம் என்றாலும் அன்றே கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசு சுகாதார மருந்தகத்துக்குப் போங்கள்.

நாங்கள் எவ்வளவு உதவ வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவாக. வார்டில் ஒருவருக்கு மூன்று மருமகள்கள் மாறி மாறிச் சோறு ஊட்டினார்கள். போனது கால், கை இரண்டும் சும்மா இருந்தன. என் மனைவி ஒரு கணக்கு வைத்திருந்தார்: நான் எழத் தடுமாறினால் பக்கத்தில் வந்து நிற்பார், கை கொடுக்கமாட்டார், மனத்துக்குள் இருபது எண்ணுவார். இருபதுக்குள் நான் எழவில்லை என்றால் கை வரும். முதல் மாதம் அவரைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தேன். மூன்றாவது மாதம் பன்னிரண்டிலேயே எழுந்தேன். தேநீர்க் குவளையை ஊன்றுகட்டையோடு தூக்க முடியாது என்பதால், மூடிபோட்ட பாத்திரமும் தோளில் மாட்டும் பையும் வாங்கிக் கொடுத்தார். தேநீரை நானே கலக்கி நானே கொண்டுவந்து உட்கார்ந்தேன்.

சேலை கட்டலாமா?

தாராளமாக. காலையும் காலணியையும் போட்டபிறகு கட்டுங்கள், இல்லாவிட்டால் உயரம் மாறும். கொசுவத்தைக் கணுக்கால் தெரியும் அளவுக்குத் தூக்கிச் செருகுங்கள். செயற்கைப் பாதம் துணியை மிதித்தால் உங்களுக்குத் தெரியாது.

கோயிலுக்குப் போக முடியுமா? செருப்பைக் கழற்ற வேண்டுமே?

இதை நான் தெரிந்துகொண்டது கோயில் வாசலில், தாமதமாக. செயற்கைப் பாதத்தின் கோணத்தை நீங்கள் போட்டிருக்கும் சப்பாத்தின் குதிகால் உயரத்துக்கேற்ப அமைக்கிறார்கள். சப்பாத்தைக் கழற்றினால் குதிகால் தாழ்ந்து, உடல் பின்னால் சாயும், முழங்கால் பின்பக்கம் தள்ளப்படும். நேராக நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டே தூணில் சாய்ந்தேன். காலைச் செய்யும்போதே "வீட்டிலும் கோயிலிலும் வெறுங்காலோடு நடப்பவன்" என்று சொல்லிவிடுங்கள். குதிகால் உயரத்தை மாற்றக்கூடிய பாதமும் உண்டு, விலை அதிகம். நான் ரப்பரில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு வெட்டிக் காலுறைக்குள் குதிகாலுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். மற்ற காலுக்கும் காலுறை போட்டுத்தான் போகிறேன், மதிய வெயிலில் கல்தரை சுட்டாலும் எனக்குத் தெரியாதே. இதுவரை எந்தக் குருக்களும் ஒன்றும் சொன்னதில்லை.

படிக்கட்டுக்கு விதி ஒன்றுதான்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். இதனால் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவில் சிக்கல் வந்தது. அத்தை வலது காலை எடுத்து வைக்கச் சொன்னார். என் வலது கால் ஃபைபரால் ஆனது. வாசற்படி உயரம். ஐயரைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார். இடது காலால் ஏறி, வலது காலை இழுத்து வைத்தேன்.

பத்துமலைக்கும் போனேன், நான்காம் ஆண்டில். தைப்பூசத்தன்று அல்ல, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு. இயன்முறை மருத்துவரிடம் கேட்டு, இரண்டு மாதம் எங்கள் அடுக்குமாடிப் படிகளில் பழகிய பிறகு. 272 படிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு கால்களையும் வைத்து, ஒரு கை எப்போதும் கைப்பிடியில். நான்கு இடத்தில் நின்று காலைக் கழற்றி, வியர்வையைத் துடைத்தேன். இறங்குவதற்கு ஏறியதைவிட அதிக நேரமாயிற்று, பயமும் அப்போதுதான் வந்தது. கடைசி நிறுத்தத்தில் மடியில் வைத்திருந்த மாற்று உறையை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு எடுத்துப் போங்கள்.